நான்கு திமித்ரிஸ், ஒரே நாள்

"அண்ணா, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். எங்கள் செக்‌ஷனில் மட்டும் நான்கு திமித்ரிஸ். அக்டோபர் 26 அன்று நாலு பேரும் ஸ்வீட் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளிலா பிறந்தநாள்? அந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பிறந்தநாள் இல்லை தம்பி, பெயர்நாள். அதாவது, ஒருவர் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்குகிறாரோ அந்தப் புனிதரின் நாள். ஏதென்ஸுக்கு வந்த புதிதில் நானும் "எத்தனை வயசு?" என்று கேட்டு அசடு வழிந்தவன்தான். அன்றைக்குப் பெயருக்கு உரியவர்தான் ஸ்வீட் வாங்கித் தருவார். நாம் "ஹ்ரோனியா பொலா" என்றால் போதும். 'பல ஆண்டுகள்' என்று பொருள், நம் பல்லாண்டேதான்.

அக்டோபர் 26 புனித திமித்ரியோஸின் நாள். நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கிரீஸின் வடக்கிலுள்ள தெசலோனிக்கி நகரில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர் என்பது மரபு. அந்த ஊரின் காவல் புனிதர் அவர்தான். 1912இல் ஒட்டோமான் துருக்கியரிடமிருந்து தெசலோனிக்கி கிரேக்கர் கைக்கு வந்ததும், அன்றைய நாட்காட்டிப்படி, இதே தேதியில். அங்கே அன்று ஊருக்கே லீவு.

பெயர் மட்டும் புனிதரைவிடப் பழையது. 'தெமெத்தருக்கு உரியவன்' என்பது பொருள். தெமெத்தர், தானியம் விளைவிக்கும் பழைய கிரேக்கப் பெண் தெய்வம். அந்தப் பெயரின் பின்பாதி 'தாய்'. முன்பாதியை 'மண்' என்பார்கள், அதை அறிஞர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்குகிற குழந்தைக்கு வயல் தெய்வத்தின் பெயர்! இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, ஏன் இத்தனை திமித்ரிஸ்? மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர் வைப்பது வழக்கம். தாத்தா திமித்ரிஸ் என்றால், அவருடைய ஒவ்வொரு மகன் வீட்டிலும் ஒரு திமித்ரிஸ். பேரன் என்ற சொல்லே 'பெயரன்'தானே, நமக்கு இது புரியாததா?

அப்புறம், கூப்பிடும்போது கடைசி 'ஸ்' வேண்டாம்: "திமித்ரி!" நாம் கண்ணனைக் "கண்ணா" என்கிற மாதிரி, அவர்களுக்கும் விளிவேற்றுமை உண்டு. முதல் எழுத்தை 'அது'வில் வரும் 'து' போல மெதுவாகச் சொல்லுங்கள், அழுத்தம் 'மி'யில். ஆளைப் பிரித்துச் சொல்ல மிமிஸ், மித்ஸோஸ், ஜிம்மி என்றெல்லாம் சுருக்குவார்கள். மித்ஸோஸில் கொஞ்சம் கிராமத்து வாடை அடிக்கும். நாலு பேரில் ஒருவர் உங்கள் மேனேஜராக இருந்தால், அவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.