மேய்ச்சல் தரையில் தூவிய விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: சென்ற ஆவணியில் எங்கள் மேய்ச்சல் தரையில் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவினேன். பின்னர் மழை பெய்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளைத்தது. நிலத்தை உழாமல் இப்புல்லை நிலைநிறுத்த வழி உண்டா?
– வாசகர், மூதூர்

பதில்: உண்டு. விதையைவிட அது விழுந்த இடத்தையே நான் முதலில் ஐயுறுகிறேன். அடர்ந்த புல்லின்மேல் தூவப்படும் விதை சருகில் தங்கி, மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். முளைத்தாலும், வேரூன்றிய பழைய புல் ஈரத்தையும் வெளிச்சத்தையும் முந்திக்கொள்ளும். ஆகவே, புரட்டாதிக்குள் மாடுகளை விட்டுத் தரையை ஒட்ட மேயவைத்து, இரண்டு முழ இடைவெளியில் மண்வெட்டியால் கீறல்கள் இழுத்து, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கும் ஐப்பசியில் அக்கீறல்களில் மட்டும் விதையுங்கள். ஆவணியில் தூவிய விதை எறும்புகளுக்கு இரையாகியிருக்கவும் கூடும்.

பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் இவ்விதையைக் காய்ந்த மணலுடன் கலந்து தூவுவது நலம். 1 சென்ரிமீற்றருக்கு மேல் புதைக்க வேண்டாம். புதிய விதைக்கு உறங்குநிலை உண்டு என்பதால், சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்த விதையே நன்கு முளைக்கும்.

பெரும்போகத்தில் வயல்களிலிருந்து வெளியேற்றப்படும் மாடுகள் மேட்டுநிலத்துக்கே வருவதால், இளம்புல் வேர்பிடிக்குமுன் மேயப்பட்டுவிடுவதே நம் மாவட்டத்தில் என்னை மிகவும் வருத்தும் இழப்பு. முழுத் தரையையும் ஒரே ஆண்டில் அடைப்பது கடினம். கால்பங்குக்கு மட்டும் வேலியிட்டு, கையால் இழுக்கும்போது புல் வேரோடு வராமல் இலை மட்டும் அறுந்து வரும்வரை அங்கே மாடுகளை விடாதீர்கள்.