வாசகர் கேள்வி – பதில்: புயல் வருமுன் கட்டி வைக்க வேண்டிய பை

கேள்வி: வேதாரண்யம் அருகே ஓட்டு வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். கஜா புயலின்போது பல நாட்கள் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் தவித்தோம். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர்; மகளுக்கு நான்கு வயது. இந்த ஐப்பசிக்கு முன்னதாக என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?
— வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். காற்றின் சீற்றம் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. ஆனால் மின்கம்பங்கள் சாய்ந்து, மோட்டார் ஓடாமல், மேல்நிலைத் தொட்டிகள் வறண்டு, செல்பேசிக் கோபுரங்களும் செயலிழந்து மக்கள் பட்ட பாடு அதற்குப் பிந்தைய நாட்களில்தான். அந்த நாட்களை மனத்தில் வைத்தே பொருட்களைச் சேருங்கள்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். மூடியுள்ள கேன்களிலும் குடங்களிலும் பிடித்து, தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். அது தீர்ந்த பிறகு கிடைக்கும் நீரைக் கொதிக்க வைக்காமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. வெளியே பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் அதையும் நிரப்பிவிடுங்கள். வெறும் தொட்டியைக் காற்று எளிதில் தூக்கி எறிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மாமியாரின் இன்சுலின். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் குளிர்பதனப் பெட்டி சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பெரிய மண்சட்டியில் மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்பானையை வைத்து, சுற்றிலும் மணல் நிரப்பி நீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மருந்தை ஈரம் படாத உறையில் இட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளி வெப்பத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது; உறைந்த இன்சுலின் பயன்படாது. இரண்டு வாரத்துக்கான மருந்து, ஊசிகள், சர்க்கரை அளவு திடீரெனக் குறைந்தால் உடனே கொடுக்கக் குளுக்கோஸ் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஓட்டு வீடு என்பதால் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். எச்சரிக்கை வந்ததும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். ஆகவே ஒரே ஆள் தூக்கக்கூடிய பை ஒன்று தனியாக இருக்க வேண்டும்: மருந்துகள், டார்ச், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மாதவிடாய் அணையாடைகள், குழந்தைக்கு ஒரு மாற்றுடை, அடுப்பு மூட்டாமலே உண்ணக்கூடிய அவல், பொட்டுக்கடலை, வெல்லம். டார்ச்சிலிருந்து மின்கலங்களைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து, வேண்டிய நேரத்தில் விளக்கு எரியாது.

ஆவணங்களை இரும்புப் பெட்டியில் வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே புயலுக்குப் பிறகு எங்கள் உறவினர் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது, பத்திரத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. பட்டா, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு அதே பையில் வையுங்கள். கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் செல்பேசி மூலம் பணம் செலுத்த முடியாது.

கேள்வி: சென்னையில் தரைத்தளத்தில் இருக்கிறோம். மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஜெனரேட்டர் வாங்கி வைக்கலாமா?
— வாசகர், பள்ளிக்கரணை

பதில்: வாங்கலாம், ஆனால் வீட்டுக்குள்ளோ, மூடிய வராந்தாவிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உங்களுக்கு அதைவிட அவசியமானது, தண்ணீர் வாசற்படியை எட்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவது. மாடி வீட்டாரிடம் இப்போதே பேசி, உங்கள் பையை அங்கே வைக்க இடம் கேட்டுக்கொள்ளுங்கள்.