தண்ணீர்க் குவளையில் ஹயசிந்த்: கேள்வி பதில்

கேள்வி (லண்டன்): அக்கா, ஹயசிந்த் பூச்செடியின் கிழங்கைத் தண்ணீர்க் குவளையில் வைத்து ஜன்னல் ஓரம் வைத்தேன். இலை எட்டிப் பார்க்கிறது, வேரைக் காணோம்.

பதில்: வெளிச்சமும் சூடும் முந்திக்கொண்டன. துருக்கி, சிரியா, லெபனான் மலைப்பக்கத்துச் செடி இது. அங்கே குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் வேர் விட்டு, வசந்தத்தில் பூக்கும். பூமொட்டு கிழங்குக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தண்டு நீண்டு அது மேலே வரத்தான் குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் இலைகளுக்கு நடுவே குட்டையாகச் சிக்கிக்கொண்டு பூக்கும். உடனே 4 முதல் 9 டிகிரி வரை குளிர்ந்த, இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள். கராஜ், தோட்டத்து ஷெட், எதுவானாலும் சரி, தண்ணீர் உறையக் கூடாது. பத்து வாரம் போல ஆகும். ஆனால் நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வேர் நன்றாக இறங்கி, முளை நாலைந்து சென்டிமீட்டர் வந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் சில நாள் மங்கலான வெளிச்சம், அப்புறம் ஜன்னல். ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் எந்த அளவு?

பதில்: கிழங்கின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே. தண்ணீர் தொட்டால் கிழங்கு அழுகும். குறைந்தால் ஊற்றுங்கள், கலங்கினால் மாற்றுங்கள்.

கேள்வி (டொராண்டோ): ஃப்ரிட்ஜில் வைக்கலாமா அக்கா?

பதில்: தாராளமாக. காகிதப் பையில் போட்டு அதே பத்து வாரம் வைத்துவிட்டு, பிறகு குவளைக்கு மாற்றுங்கள். ஆனால் அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள், பேரிக்காய் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. நாய், பூனைக்கும் எட்டக் கூடாது.

கேள்வி: கிழங்கைத் தொட்டதிலிருந்து கை அரிக்கிறதே?

பதில்: கிழங்கின் தோலில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இனிமேல் கையுறை போடுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்குப் பூக்க வைக்க முடியுமா?

பதில்: ‘பதப்படுத்தியது’ (prepared), அதாவது சீக்கிரம் பூக்க முன்கூட்டியே தயார் செய்தது, என்று விற்கும் கிழங்கை வாங்கி, செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கினால் முடியும். சாதாரணக் கிழங்கு என்றால் புத்தாண்டு தாண்டித்தான்.

கேள்வி (பர்மிங்ஹாம்): பழைய பொருள் சந்தையில் இடுப்பு ஒடுங்கி, வாய் கிண்ணம் போல் விரிந்த நீலக் கண்ணாடிக் குவளை கிடைத்தது. ஹயசிந்துக்கானதா?

பதில்: நீங்கள் சொல்லும் வடிவம் அதுதான்! கிழங்கு மேலே உட்காரும், வேர் ஒடுங்கிய கழுத்து வழியே இறங்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தண்ணீரில் ஹயசிந்த் வளர்த்தார்கள். பிரான்சில் மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூருக்கு இந்தப் பூ மேல் கொள்ளை ஆசை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது. வேருக்கு இருட்டு நல்லது என்று நினைத்ததால் நிறக் கண்ணாடியை விரும்பினார்கள். எனக்குத் தெளிந்த கண்ணாடிதான் பிடிக்கும். வெள்ளை வேர் கற்றையாக இறங்குவதைப் பார்ப்பதே பாதி சந்தோஷம். உங்கள் குவளையில் வெள்ளைப் பூ, ‘கார்னகி’ ரகம், எடுப்பாக இருக்கும்.

கேள்வி: பூ முடிந்தபின் அதே கிழங்கை அடுத்த வருடமும் குவளையில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெறும் தண்ணீரில் பூத்ததில் அதன் சேமிப்பு தீர்ந்திருக்கும். பூத்தண்டை மட்டும் வெட்டிவிட்டு, இலையோடு தோட்டத்து மண்ணில் நட்டுவிடுங்கள். ஓரிரு வருடத்தில் தேறினால், சின்னதாக ஒரு கொத்துப் பூக்கும்.