தங்கமே பூசாத கெல்ஸ் நூலில் அப்படி என்ன அழகு?

கி.பி. 800 வாக்கில், ஐரிஷ் துறவியான புனித கொலம்பாவின் வழிவந்த துறவிகள் கன்றுத்தோலில் இறகுப் பேனாவால் எழுதிய நற்செய்தி நூல் இது. தங்கம்போல மின்னுகிற மஞ்சள் வெறும் அரிதாரம் என்ற கனிமத்தின் நிறம்தான்.

அழகெல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் கிறிஸ்துவின் பெயர் வரும் பக்கத்தைப் பாருங்கள். ஒரே ஒரு கிரேக்க எழுத்து பக்கத்தையே அடைத்துக்கொண்டு சுருள் சுருளாகப் படர்ந்திருக்கும். அடியில் தேடினால் வட்டமான அப்பத்தை இரண்டு எலிகள் கவ்விக்கொண்டிருக்கும். இருபுறமும் பூனைகள், அவற்றின் முதுகில் இன்னும் இரண்டு எலிகள்! அப்புறம், மீனைப் பிடித்த ஒரு நீர்நாய். இவ்வளவு புனிதமான பக்கத்தில் இதையெல்லாம் வரைய அவர்களுக்குத் தோன்றியதே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி இந்த நூலை இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.