பீரோவில் பூட்டிய மடிக்கணினி பத்திரமாக இருக்காது

கேள்வி: நான் டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து 24 மடிக்கணினிகள் வாங்கித் தந்திருக்கிறார்கள். பாதி புதியவை, மீதி ஓர் அலுவலகத்தில் புழங்கியவை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 210 பிள்ளைகள். "உடைத்துவிடுவார்கள், பீரோவில் பூட்டி வைப்போம், ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார் தலைமை ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கு என்னென்ன விதிகள் வைத்தால் இவை நாலைந்து வருடம் தாங்கும்?

பதில்: உங்கள் தலைமை ஆசிரியரின் பயம் நியாயமானது. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருள் உடைந்தாலும் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனாலும் பீரோ இதற்குத் தீர்வு ஆகாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. கணினியை அணைத்து வைத்தாலும் அதன் சார்ஜ் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அடிமட்டத்துக்கு இறங்கி மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால், அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னை மூடிக்கொள்ளும். பிறகு சார்ஜர் போட்டாலும் ஏறாது. ஒரு கல்வியாண்டு பூட்டிவைத்து எடுத்தால் புத்தம்புதுக் கணினிகூடப் பேட்டரி போன கணினியாக வெளியே வரக்கூடும்.

பதினைந்து வருடமாகப் பள்ளிகளின் கணினிகளைப் பழுது பார்க்கிறேன். பிள்ளைகள் விளையாட்டாக உடைத்து என் மேசைக்கு வந்தவை குறைவு. பூட்டிவைத்துக் கெட்டவையும், சொல்லப் பயந்து மறைத்ததால் சின்னப் பழுது பெரிதானவையும்தான் அதிகம். ஒரு பள்ளியில் மாணவி ஒருத்தி தண்ணீர் சிந்திய கணினியைத் துடைத்து, மூடி, ஒன்றும் நடக்காததுபோல் அடுக்கில் வைத்துவிட்டாள். மறுநாள் இன்னொரு பையன் அதை ஆன் செய்தான், மதர்போர்டு போய்விட்டது. அன்றே சொல்லியிருந்தால் கீபோர்டு மட்டும் மாற்றி மீட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் வகுப்புச் சுவரைக் காட்டினாள். "சேதப்படுத்தினால் பெற்றோர் முழுத் தொகை செலுத்த வேண்டும்" என்று அங்கே ஒட்டியிருந்தது. அவளுடைய அப்பா கூலி வேலைக்குப் போகிறவர்.

அதனால் நீங்கள் எழுதும் முதல் விதி இதுவாக இருக்கட்டும்: "எது நடந்தாலும் உடனே டீச்சரிடம் சொல். சொன்னால் திட்டமாட்டோம், பணம் கேட்கமாட்டோம்." இதை வாயால் சொல்வதோடு விடாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடுங்கள். பழுதுச் செலவுக்கு முன்னாள் மாணவர்களிடமே ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கேட்டு வைத்துக்கொள்ளலாம். கணினி வாங்கிக் கொடுத்தவர்கள் ஒரு திரை மாற்ற மறுக்கமாட்டார்கள். தெரிந்தே கல்லெறிந்து உடைப்பவன் இருந்தால் அது வேறு. அவனுடைய பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். ஒருவனுக்காக 210 பேரையும் பயமுறுத்த வேண்டாம். அடியும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருப்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, சொந்தம் என்கிற உணர்வு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வந்த கணினி வாங்கிய மாணவருக்கே சொந்தமானது. அதனால் எத்தனையோ வீடுகளில் அதற்கு உறை தைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். உங்களுடையது பொதுப் பொருள். எல்லாருக்கும் பொது என்றால் யாருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கணினிகளுக்கு 1 முதல் 24 வரை எண் ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுங்கள், அது வருடம் முழுக்க மாறக்கூடாது. 7ஆம் எண் கணினியை ஐந்து வகுப்புகளையும் சேர்த்து எட்டு ஒன்பது பேர்தான் தொடுவார்கள். அந்த எண்ணுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று. எடுக்கும்போது திரை, கீபோர்டு, கீல், சார்ஜர் முனை நான்கையும் பார்த்து, புதிதாகக் கீறலோ விரிசலோ இருந்தால் நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படியே. அரை நிமிட வேலை. இது குற்றவாளியைப் பிடிக்க அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழுது எப்போது தொடங்கியது என்று என்னைப் போன்ற மெக்கானிக்குக் காட்டும் நோட்டு அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை மிகப் பொறுப்பாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி கைப்பழக்கம். பள்ளிகளில் திரை உடைவதற்கு நான் கண்ட முதல் காரணம் கீழே விழுவது அல்ல, கீபோர்டின் மேல் பேனாவையோ பென் டிரைவையோ வைத்துவிட்டு மூடுவது. மூடியதும் உள்ளே அது திரையைக் குத்தும். ஒரு திரை மாற்ற நாலாயிரம், ஐயாயிரம் ஆகிவிடும். "மூடும் முன் கையால் ஒரு தடவு தடவிப் பார்" என்று சொல்லிக் கொடுங்கள். பாட்டி பாய் சுருட்டும் முன் தட்டிப் பார்ப்பதுபோல. திறக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். ஒரு மூலையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கக் கீல் தளர்ந்து, கடைசியில் பிளாஸ்டிக் பிய்த்துக்கொண்டு வரும். நடக்கும்போது மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். திறந்த கணினியைத் திரையைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது.

சாக்பீஸ் தூளை நம் பள்ளிகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கரும்பலகைக்கு நேர் கீழே வைத்த கணினியின் விசிறியைக் கழற்றினால் வெள்ளைப் பஞ்சுபோல் அடைந்திருக்கும். காற்று போக வழியில்லாமல் கணினி சூடாகும், சூட்டில் பேட்டரியும் சீக்கிரம் கிழடு தட்டும். ஆகவே கணினி வகுப்பு நடக்கும் அறையில் அன்று வெள்ளைப் பலகை பயன்படுத்துங்கள், இல்லையென்றால் முதல் இரண்டு வரிசையைக் காலியாக விடுங்கள். டஸ்டரை அறைக்கு வெளியே தட்டட்டும். தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் கணினி பலகை மேல் இருக்க வேண்டும். பாய், துணி, புத்தகப் பை மேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும். மதிய உணவு முடிந்து வரும் முதல் பீரியடில் கணினி வகுப்பு வைக்காதீர்கள். சாம்பார்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வருகிற வயது. வேறு நேரம் இல்லையென்றால் சோப்பும் துண்டும் வாசலில் வையுங்கள்.

துடைப்பதற்கு மென்மையான உலர்ந்த துணி போதும். திரையில் கறை இருந்தால் துணியை லேசாக நனைத்துத் துடைக்கலாம். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் திரையின் மேல் அடிக்க வேண்டாம். அதில் அமோனியா இருந்தால் பூச்சு உரியும், சொட்டு வழிந்து ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும்.

தண்ணீர் சிந்திவிட்டால் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முதலில் சுவர் ஸ்விட்சை அணைத்துச் சார்ஜரைக் கழற்ற வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். அடுத்து, கூரை போல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆசிரியரிடம் ஓட வேண்டும். "ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் கணினியைக் கொல்லும். அரிசிக்குள் புதைப்பதும் பயன் தராது. ஈரம் உள்ளேயே இருக்க, தவிடும் தூசியும் துளைகளில் ஏறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், மின்சாரம். 24 சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 65 வாட் என்று வைத்தால் 1,560 வாட். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏழு ஆம்பியருக்குக் கிட்டே வருகிறது. வகுப்பறையில் இருக்கும் சாதாரண ஸ்விட்ச் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். ஒரே பாயின்டில் ஜங்ஷன் பாக்ஸுக்கு மேல் ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி 24ஐயும் சொருகினால் பழைய ஒயர் சூடாகி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். எலெக்ட்ரீஷியனை வைத்து எம்.சி.பி.யோடு (மின்சுமை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) தனி 16 ஆம்பியர் லைன் ஒன்று இழுங்கள். அதுவரை பன்னிரண்டு பன்னிரண்டாகச் சார்ஜ் போடுங்கள். எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கணினியின் உலோக விளிம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், அதை அலட்சியப்படுத்த வேண்டாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிச் சொருகும் பழக்கம் உங்கள் பள்ளியில் நுழையவே கூடாது. சார்ஜ் போடுவதும் எடுப்பதும் ஆசிரியர் முன்னிலையில் மட்டும். இரவில் சார்ஜில் விட்டுவிட்டுப் பள்ளியைப் பூட்டிப் போகாதீர்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அலுவலகத்திலிருந்து வந்தவற்றில் இதை நாளைக்கே சோதியுங்கள். உப்பிய கணினியைச் சார்ஜ் போடக்கூடாது, அழுத்தி மூடக்கூடாது, குத்தக்கூடாது. தனியே எடுத்து வைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம்தான் தர வேண்டும்.

அந்தப் பழைய கணினிகளில் விண்டோஸ் 10 இருந்தால் இன்னொரு சிக்கல். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது, லினக்ஸ் மின்ட்டும் நன்றாக ஓடும். எதுவானாலும் தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையை முதல் நாளே அமைத்துவிடுங்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாதத்தில் தமிழ்99 பழகிவிடும்.

நிர்வாகியின் கடவுச்சொல் உங்களிடமும் தலைமை ஆசிரியரிடமும் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. அதில் பெரும்பாலான மென்பொருளைப் புதிதாக நிறுவ முடியாது. வைரஸ் பற்றிய விதிகளில் பாதி இதனாலேயே தேவையற்றுப் போகும். வெளிப் பென் டிரைவ் சொருகக்கூடாது, குறிப்பாக ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தது. இணையம் இருந்தால் ரவுட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றுங்கள். கட்டணம் இல்லை, ஆபாசத் தளங்களில் பெரும்பகுதி அதிலேயே தடுக்கப்படும். அதை மீறியும் ஏதாவது திரையில் வந்துவிட்டால், பிள்ளை மூடியை மூடிவிட்டுக் கை தூக்கினால் போதும். "நீ என்ன தேடினாய்?" என்று வகுப்பு நடுவில் விசாரிக்காதீர்கள். இங்கேயும் சொல்பவரைக் காப்பதுதான் விதி. சக மாணவர்களைக் கேமராவில் படம் எடுப்பதற்கு மட்டும் கண்டிப்பான தடை போடுங்கள், குறிப்பாக மாணவிகளை. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பேச்சே இல்லை. எந்தப் பிள்ளையாவது இணையத்தில் யாரோ மிரட்டுகிறார்கள் என்று உங்களிடம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

இவ்வளவையும் ஒரே நோட்டீஸில் ஏற்றாதீர்கள். சுவரில் ஐந்து வரிக்கு மேல் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள். உடனே சொல், மூடும் முன் தடவிப் பார், இரண்டு கையால் தூக்கு, ஈரக்கையோடு தொடாதே, யாரையும் படம் எடுக்காதே. மற்றதைப் பாடம் நடத்துவதுபோல முதல் இரண்டு வகுப்பில் செய்து காட்டுங்கள். பழுதாகிப்போன பழைய கணினி ஒன்று கிடைத்தால் திறந்து, பேட்டரி எங்கே, விசிறி எங்கே என்று காட்டுங்கள். உள்ளே பார்த்துவிட்ட பிள்ளை அதன் மேல் பையைப் போடாது.

பீரோவும் தேவைதான், இரவுக்கும் விடுமுறைக்கும். புத்தகம்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தட்டு வடிகட்டும் ஸ்டாண்டு வாங்கி நிறுத்தி வையுங்கள். அந்துருண்டை வைக்க வேண்டாம். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். கோடை விடுமுறைக்குப் பூட்டும்போது முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி அளவில் நிறுத்தி, முழுவதும் ஷட்டவுன் செய்து வையுங்கள். மே மாத நடுவில் அலுவலக வேலையாகப் பள்ளிக்கு வரும் ஒரு நாளில் 24ஐயும் எடுத்து, குறைந்திருப்பதற்கு அரை மணி நேரம் சார்ஜ் போட்டு, அந்தந்த எண் நோட்டில் தேதி எழுதிவிடுங்கள்.