போக்கரில் எப்போது கால், எப்போது ரெய்ஸ்?

போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளி பந்தயமாகக் கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது ‘கால்’. அதைவிடக் கூட்டிக் கட்டுவது ‘ரெய்ஸ்’.

காலுக்குக் கணக்குப் போட்டாக வேண்டும். நடுவில் 100 சிப்ஸ் (பந்தய வில்லைகள்) இருக்கிறது, எதிராளி 50 கட்டுகிறார். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200. ஆக, 4 முறைக்கு 1 முறையாவது வென்றால்தான் கட்டுப்படியாகும். டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில், எல்லோருக்கும் பொதுவான மூன்று சீட்டு விழுந்தபின் ஒரே இனத்தில் 4 சீட்டு வைத்திருப்பவருக்கு, அடுத்த சீட்டிலேயே ஐந்தாவதும் வந்து வலுவான சேர்க்கை அமையும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம்தான், தேவையான 25-ஐவிடக் குறைவு!

ரெய்ஸில் வெல்ல இரண்டு வழி: உங்கள் சீட்டு உயர்ந்ததாக இருக்கலாம், அல்லது எதிராளியே விலகிவிடலாம். ஓட்டப்பந்தயத்தில் திடீரென்று வேகத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஓடுபவர் மூச்சுவாங்கி நின்றுவிடுவாரே, அதுபோல. விலகவே மாட்டாதவரிடம் இது பலிக்காது. அங்கே நல்ல சீட்டுக்கு மட்டும் கூட்டுங்கள்.

‘கால்தான் பாதுகாப்பு’ என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், தேறாத சீட்டுக்குத் திரும்பத் திரும்பக் கால் செய்துதான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள்.