காமிக்ஸில் இறந்தவர் படத்திலும் இறக்க வேண்டுமா?

கேள்வி: சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றைத் திரைக்கதையாக்கி வருகிறேன். மூலக்கதையில் நாயகனின் காதலி கொல்லப்படுவது வாசகர்களிடையே பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்த மரணத்தை வைத்துக்கொள்வதா, நீக்கிவிடுவதா?

பதில்: மூலத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1988-இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட்டின் உயிரையே வாசகர்களின் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டு, 5,343-க்கு 5,271 என்ற கணக்கில் முடித்துவைத்த துறை இது. அந்த மரணம் கதையில் யாருடைய செயலால் நேர்கிறது, அதனால் யாருக்கு என்ன மாறுகிறது என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும்.

1973-இல் வெளியான ஸ்பைடர்மேன் 121-ஆம் இதழில், நாயகனின் காதலியான, மயங்கிக் கிடக்கும் க்வென் ஸ்டேசியை வில்லன் கிரீன் காப்ளின் பாலத்தின் உச்சியிலிருந்து வீழ்த்துகிறான். ஸ்பைடர்மேனின் வலை அவள் கால்களைப் பற்றும் அதே கட்டத்தில், அவள் தலையருகே 'ஸ்னாப்' என்று ஒரு சிறிய ஒலிச்சொல் அச்சாகியிருக்கிறது. காப்பாற்ற வீசிய வலையே அவளைக் கொன்றுவிட்டதோ என்ற ஐயத்தை அந்த ஒரு சொல்தான் எழுப்பியது. 2014-ஆம் ஆண்டுத் திரைப்படம் பாலத்தை மணிக்கூண்டாக மாற்றியது. ஸ்பைடர்மேனான பீட்டர் தடுத்தும் கேளாமல், வில்லன் எலக்ட்ரோவை வீழ்த்த உதவத் தானே வந்து நிற்பவளாக க்வென்னையும் மாற்றியது. ஆனால் வலை பற்றியும் பயனில்லாமல் போகும் அந்தக் கணத்தை மட்டும் விட்டுவிடவில்லை. என் கணிப்பில், மூலத்தைவிட இந்த மாற்றமே அவளுக்கு நியாயம் செய்தது.

இதற்கு நேர்மாறானது 1994-இல் வந்த கிரீன் லேன்டர்ன் 54-ஆம் இதழ். அதில் நாயகன் கண்டு அதிர வேண்டும் என்பதற்காகவே அவன் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் திணிக்கப்படுகிறாள். நாயகனின் கோபத்துக்கு விறகாகும் இத்தகைய பெண் பாத்திரங்களை 1999-இல் காமிக்ஸ் எழுத்தாளர் கெய்ல் சிமோன் பட்டியலிட்டபோது, இந்தக் காட்சியே அப்பட்டியலுக்குப் பெயராயிற்று. உங்கள் கதையின் மரணம் இவ்வகையாக இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். 2007-இல் காமிக்ஸில் சுட்டுக் கொல்லப்பட்ட கேப்டன் அமெரிக்காவை, 'சிவில் வார்' படம் உயிரோடுதான் விட்டது. அயர்ன் மேனுடனான அவனது நட்பு முறிந்ததே அங்கு போதுமான இழப்பாக இருந்தது.

வைத்துக்கொள்வதானால், இறப்பதற்கு முன் அவள் தானாக ஒரு முடிவெடுக்கும் காட்சியை எழுதுங்கள். பாலமோ ஆயுதமோ எப்படியும் மாறலாம். பிறகு, மரணத்துக்கு அடுத்த மூன்று காட்சிகளை முதலில் எழுதிப் பாருங்கள். அவள் உயிரோடிருந்தாலும் அவை அப்படியே நடந்திருக்கும் என்றால், அவளைக் கொல்ல வேண்டியதில்லை.